இருப்புப்பாதையைக் காத்த எழுத்தாளர்

கல்வராயன் மலைக்குத் தெற்கே விருத்தாசலத்திலிருந்து சேலத்திற்கு ஓர் இருப்புப்பாதை செல்கிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து மக்கள் நெடுங்காலமாகப் புகைவண்டி ஏறுவதற்கு அப்பாதையிலுள்ள சின்னசேலம் நிலையத்தையே நாடிச் சென்றனர். அந்நாளில் அது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர் அகலமே இருந்தது. நீராவி எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, நெடுந்தொலைவு கேட்கும்படி கூவிக்கொண்டு வந்த காட்சியை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். பின்னர் டீசல் எஞ்சின் வந்தது. அதன்பின் மீட்டர் பாதை பெயர்க்கப்பட்டு அகலப் பாதை இடப்பட்டது. பயணம் விரைவாயிற்று, பெருநகரங்களோடு தொடர்பும் எளிதாயிற்று. இதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஆனால், நீராவி எஞ்சின்களிற் பெரும்பாலானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாய் விலைபோயின.

உலகெங்கும் இவ்வாறே நடந்தது. பயன் குறைந்த பொருளை அரசும் கைவிடும், வணிகரும் கைவிடுவர். அவ்வாறு இருவராலும் கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையை, அதன்மேல் அன்புகொண்ட பொதுமக்களே கூடி நடத்தினால் என்ன என்று ஒருவர் எண்ணினார். எண்ணியதைச் செய்தும் காட்டினார். இன்று உலகின் பல நாடுகளில் தொண்டர்கள் நடத்தும் பழம்பெரும் இருப்புப்பாதைகள் உள்ளன. அவற்றுக்கெல்லாம் முன்னோடியாய் அமைந்தது வேல்சு நாட்டுத் தாலிலின் இருப்புப்பாதை. அதனைக் காத்தவர் டாம் ரோல்ட் என்னும் ஆங்கில எழுத்தாளர்.

லயனல் தாமஸ் காஸ்வால் ரோல்ட் என்பது அவர்தம் முழுப்பெயர். அவர் 1910 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11 ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செஸ்டர் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் ஓரிடத்தில் அமைந்து வாழும் இயல்பினர் அல்லர். இளமையில் பொன் தேடிக் கனடாவின் வடகோடியிலுள்ள பனிநிலம்வரை சென்று மீண்டவர். அவர் வேல்சு எல்லையிலுள்ள ஹே என்னும் சிற்றூரின் அருகே குடியேறினார். மலையும் ஆறும் சூழ்ந்த அவ்விடத்தில் சிறுவன் டாம் வளர்ந்தான். ஆனால் 1920 இல் தந்தையார் தாம் முதலீடு செய்த பொருளில் பெரும்பகுதியை இழந்தார். குடும்பம் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஓர் எளிய கல்வீட்டிற்குக் குடிபெயர்ந்தது.

டாம் செல்ட்டன்ஹாமில் உள்ள பெயர்பெற்ற பள்ளியொன்றிற் பயின்றார். எனினும் அவர் மனம் ஏட்டுக் கல்வியில் தோயவில்லை. எந்திரங்களையே சுற்றி வந்தது. 16 ஆம் வயதில் பள்ளியை விட்டு, நீராவியால் இயங்கும் ஏர்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்திற் சேர்ந்தார். நீராவி ஏர் என்பது நம் நாட்டார் பலர் அறியாத கருவி. வயலின் ஓரத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். அது எஃகுக் கயிற்றைச் சுருட்டியிழுக்க, பெரிய கலப்பை வயலின் குறுக்கே நகர்ந்து செல்லும். அந்த எந்திரத்தின் எண்ணெய் மணத்திலேயே ரோல்ட்டின் தொழிற்கல்வி தொடங்கியது எனலாம்.

அதன்பின் ஸ்டோக் நகரில் கெர் ஸ்டூவர்ட் என்னும் எஞ்சின் தொழிற்சாலையில் அவர் பயிற்சித் தொழிலாளராக அமர்ந்தார். வார்ப்படச் சாலையிலும் கொதிகலன் பட்டறையிலும் பொருத்துமிடத்திலும் மாறிமாறி வேலை செய்தார். ஓர் எஞ்சின் வெறும் இரும்பாக வந்து, உருப்பெற்று, உயிர்பெற்றுத் தன் சக்கரத்தில் தானே வெளியேறும் வரை உள்ள தொழில் முழுவதையும் கண்ணாற் கண்டார், கையாலும் செய்தார். ஆனால் 1930 இல் அத்தொழிற்சாலை பொருளிழந்து மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைத்திறன் பெற்ற தொழிலாளர்கள் ஒரே நாளில் தெருவிற்கு வந்தனர். 20 வயது இளைஞராகிய ரோல்ட்டும் அவர்களுள் ஒருவர். ஒரு தொழில் மறையும்போது எந்திரம் மட்டும் மறைவதில்லை, அதை இயக்கும் அறிவும் மறைகிறது என்பதை அவர் நேரிற் கண்ட காலம் அது.

வேலையில்லாத ஆண்டுகளில் அவர் பல தொழில்களைச் செய்து பார்த்தார். நண்பர்களோடு கூடி மோட்டார்ப் பட்டறை ஒன்றும் நடத்தினார். 1939 இல் திருமணமானதும், கிரெஸ்ஸி என்னும் பழைய மரப்படகு ஒன்றை வீடாக்கிக்கொண்டு இங்கிலாந்தின் கால்வாய்களில் வாழப் புறப்பட்டார். நம் பக்கிங்காம் கால்வாயில் ஒருகாலத்தில் உப்பும் விறகும் நெல்லும் படகுகளிற் சென்றன. பின்னர் கால்வாய் தூர்ந்தது. இங்கிலாந்திலும் அதுவே நிலைமை. இருப்புப்பாதை வந்தபின் கால்வாய்கள் புறக்கணிக்கப்பட்டன, மதகுகள் உடைந்தன, பாசி படர்ந்தது. தாம் கண்ட கால்வாய்களையும் அவற்றில் வாழ்ந்த படகோட்டிகளையும் பற்றி ரோல்ட் எழுதிய நூல் 1944 இல் வெளிவந்தது. போரால் இளைத்திருந்த மக்கள் அதனை விரும்பிப் படித்தனர். அந்நூலின் பயனாக 1946 இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. ரோல்ட் அதன் மதிப்புறு செயலாளரானார்.

அவருடைய இயல்பை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். ஸ்ட்ராட்போர்டு கால்வாயின் குறுக்கே ஒரு தூக்குப்பாலம் இருந்தது. அது பழுதாகித் திறக்க இயலாமற் போயிற்று. அதனைப் பேணவேண்டிய இருப்புப்பாதை நிறுவனம் வாளாவிருந்தது. ஆனால் அக்கால்வாயிற் படகு செலுத்தும் உரிமை சட்டப்படி எவர்க்கும் உண்டு. ரோல்ட் 1947 இல் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தார். குறித்த நாளில் தம் படகோடு பாலத்தடியில் வந்து நின்றார். நிறுவனத்தார் வேறு வழியின்றித் தூக்குபொறிகளைக் கொண்டு பாலத்தை உயர்த்தி அவருக்கு வழிவிட்டனர். உரக்கக் கூவாமலும் எவரையும் பழிக்காமலும், இருக்கும் உரிமையைப் பயன்படுத்தியே அதை உயிரோடு வைப்பது அவர் கண்ட வழி.

இனித் தாலிலின் இருப்புப்பாதைக்கு வருவோம். இப்பெயரின் நடுவிலுள்ள எழுத்து வேல்சு மொழிக்கே உரியது. நம் ழகரம் பிறர் நாவில் வளையாதது போல, அதுவும் பிறர் நாவிற்கு எளிதில் வாராது. ஆகவே நாம் தாலிலின் என்றே எழுதுவோம்.

வேல்சு நாட்டின் மேற்குக் கரையில் டவின் என்னும் ஊர் உள்ளது. அதன் உட்புறத்தே மலைகள். அம்மலையொன்றில், பிரின் எக்லுயிஸ் என்னுமிடத்தில், கற்பலகை வெட்டியெடுக்கும் சுரங்கம் இருந்தது. நம் முன்னோர் எழுதிப் பழகிய சிலேட்டும் அவ்வகைக் கல்லே. அந்நாட்டார் அதனைக் கூரை வேயவும் பயன்படுத்துவர். வெட்டிய கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர 1865 இல் ஓர் இருப்புப்பாதை அமைத்தனர். 1866 டிசம்பரில் மக்களும் அதிற் செல்லலாயினர். தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 2 அடி 3 அங்குலம். நம் மீட்டர் பாதையினும் அது குறுகியது. மக்கள் சென்ற தொலைவு ஆறரை மைல், அதாவது பத்தரைக் கிலோமீட்டர். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிவரைகூட அப்பாதை எட்டாது. தாலிலின், டோல்கோக் என இரண்டே எஞ்சின்கள், சில பெட்டிகள், ஒரு கார்டு வண்டி. பயணச்சீட்டு விற்பதும் அந்தக் கார்டு வண்டியின் சன்னல் வழியாகத்தான்.

அப்பெட்டிகளுக்கு ஒருபுறம் மட்டுமே கதவு உண்டு. பாதையைத் திறக்குமுன் அரசின் ஆய்வாளர் வந்து பார்த்தார். பாலங்களின் அடியில், பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடமில்லை என்று கண்டார். பாலங்களை இடித்துக் கட்டப் பொருள் ஏது? தண்டவாளத்தை ஒருபுறமாகச் சற்றே நகர்த்தி, மறுபுறத்தில் இடம் உண்டாக்கினர். இடம் குறைந்த புறத்துக் கதவுகளை அடைத்துவிட்டனர். நடைமேடைகள் எல்லாம் ஒரே பக்கமாய் அமைந்தன. ஏழையின் சிக்கனம் சிலவேளை செல்வரின் திட்டத்தினும் நன்றாய் அமைவதுண்டு.

1911 இல் அச்சுரங்கத்தையும் இருப்புப்பாதையையும் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்பவர் வாங்கினார். அவர் அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஊர்மக்கள் வேலையிழக்கக் கூடாதென்பதற்காகவே பெரும்பாலும் அதனை நடத்திவந்தார். ஆதாயம் சிறிது, செலவு பெரிது. 1946 டிசம்பரில் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன்பின் கல் வெட்டுவது நின்றது. இருப்புப்பாதைக்கு இனி வேலையில்லை. ஆயினும் தாம் உயிரோடிருக்கும் வரை வண்டி ஓடும் என்று ஹெய்டன் ஜோன்ஸ் உறுதி கூறினார். கோடைக்காலத்தில் வாரத்திற் சில நாட்கள், ஒரே எஞ்சினைக் கொண்டு, அவ்வுறுதியைக் காத்தும் வந்தார்.

1948 சனவரி முதல் நாள் பிரித்தானியாவின் இருப்புப்பாதைகளை அரசு தன் உடைமையாக்கியது. இந்தச் சிறு பாதை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அண்டைப் பள்ளத்தாக்கில் கோரிஸ் என்னும் மற்றொரு பாதை இருந்தது. அதன் அகலமும் அதே 2 அடி 3 அங்குலம். அது பெரிய நிறுவனமொன்றின் கையில் இருந்தமையால் அரசின் உடைமையாயிற்று, அவ்வாண்டே மூடவும்பட்டது. மறக்கப்பட்ட பாதை பிழைத்தது; நினைக்கப்பட்ட பாதை மாண்டது!

போர்க்காலத்தில் ஒருநாள் ரோல்ட் தாலிலின் வண்டியில் ஏறிச்செல்லும் ஆசையோடு டவினுக்கு வந்தார். நிலையத்தில் அன்று வண்டி இல்லை என்னும் அறிவிப்பே அவரை வரவேற்றது, எஞ்சின் பழுதாகியிருந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. தண்டவாளத்தின் வழியே நடந்தார். கட்டைகள் மக்கிப்போய்ப் புல் மண்டிக் கிடந்தன. டோல்கோக் ஓடையின் மேல் ஏறக்குறைய 50 அடி உயரத்தில் செங்கற்பாலம் மட்டும் கம்பீரமாக நின்றது. கல்வராயன் மலைச்சரிவில் கார்காலத்தில் ஓடைகள் சலசலப்பதைக் கேட்டவர்கள், அம்மலைவழியின் அழகை ஒருவாறு உணரலாம். அன்று நடந்த நடை ரோல்ட்டின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1949 இல் இப்பாதையின் எதிர்காலம் பற்றிப் பர்மிங்காம் நகர நாளிதழில் எழுத்துகள் வெளிவந்தன. அரசை எதிர்பார்த்திருத்தல் வீண், அன்புடையோர் தாமே கூடி நடத்தலாம் என்னும் கருத்தை ரோல்ட் அதில் எழுதினார். நண்பர் சிலரோடு சென்று ஹெய்டன் ஜோன்ஸைக் கண்டும் பேசினார். முதியவர் பொறுமையோடு கேட்டார்; மறுக்கவில்லை; உறுதியும் கூறவில்லை. 1950 சூலைத் திங்களில் அவர் காலமானார். அவர் கொடுத்த வாக்குப்படி அந்தப் பருவம் முடியும் வரை வண்டி ஓடியது. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியவில்லை.

காலம் தாழ்த்தலாகாது என்று ரோல்ட் உணர்ந்தார். 1950 அக்டோபர் 11 ஆம் நாள் மாலை, பர்மிங்காமில் ஓர் உணவு விடுதியின் கூடத்தில் பொதுக்கூட்டம் கூட்டினார். ஏறத்தாழ 70 பேர் வந்தனர். ஐயுறுவதற்குக் காரணங்கள் பல இருந்தன. ஊதியமின்றி வேலைசெய்வோர் எத்தனை நாள் நிலைப்பர்? விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? மக்கிய கட்டைகளை மாற்றப் பணம் எங்கே? இக்கேள்விகளுக்கு முழுமையான விடை ரோல்ட்டிடமும் இல்லை. ஏனெனில், உலகில் எவரும் அதுவரை அவ்வாறு செய்து பார்த்ததில்லை. எனினும் கூட்டத்தின் முடிவில் ஒரு குழு அமைந்தது. தாலிலின் இருப்புப்பாதைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஹெய்டன் ஜோன்ஸின் துணைவியாரும் அவர்தம் உடைமையைக் கவனித்துவந்த எட்வர்டு தாமஸும் பேருள்ளத்தோடு இசைந்தனர். 1951 பிப்ரவரியில், இரு தரப்பாரும் உறுப்பினராய் அமைந்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் பாதை வந்தது. ரோல்ட் அதன் பொது மேலாளரானார்.

1951 மே 14, திங்கட்கிழமை, விடுமுறை நாள். தொண்டர் சங்கத்தின் முதல் வண்டி டவினிலிருந்து புறப்பட்டது. டோல்கோக் எஞ்சின் இழுத்தது. அதற்கு அப்போது வயது 85. வண்டி பாதித் தொலைவும் செல்லவில்லை. சில மைல் சென்று ரித்ரோனன் நிலையத்தோடு திரும்பியது. அதற்கப்பால் பாதையைச் செப்பனிட்டு முடித்த பின்னரே, சூன் திங்களில், அபர்கினோல்வின் வரை வண்டிகள் ஓடலாயின.

அந்தக் கோடை முழுவதும் ரோல்ட்டுக்கு மன அமைதி இல்லை. எஞ்சின் இரண்டில் தாலிலின் முற்றும் பழுதாகிக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. எஞ்சியது டோல்கோக் ஒன்றே. அது ஒருநாள் நின்றால் அன்று வண்டியில்லை. பல நாள் நின்றால் சங்கமே இல்லை. பாதையோ அதனினும் மோசம். பெரும்பகுதி 1865 ஆம் ஆண்டில் இட்ட அதே தண்டவாளங்கள். அடியிலுள்ள கட்டைகள் மண்ணோடு மண்ணாய்விட்டமையால், இரண்டு தண்டவாளங்களையும் ஓரளவேனும் இடம் பெயராமற் பிடித்திருந்தது மண்டிய புல்லின் வேரே. புல்லை அகற்றினால் தண்டவாளம் விலகும்; அகற்றாவிட்டால் சக்கரம் வழுக்கும்! மேலாளராய் இருப்பவர் இரவில் உறங்குவது எங்ஙனம்?

கோரிஸ் பாதையில் ஓடிய இரண்டு எஞ்சின்கள் விற்பனைக்கு இருப்பதைச் சங்கம் அறிந்தது. அகலம் ஒன்றே ஆதலால் அவை இங்குப் பொருந்தும். ஒவ்வொன்றும் 25 பவுன் விலைக்குக் கிடைத்தது. முதலெஞ்சினை ஓட்டிப் பார்த்தனர். அதன் சக்கர வட்டை டோல்கோக்கினுடையதைவிட ஒடுக்கமானது. பாதையோ விரிந்து கிடந்தது. ஆதலால் சக்கரம் தண்டவாளத்தின் மேல் நில்லாமல் இடையே இறங்கிவிட்டது. எஞ்சின் நல்லது, பாதை தீயது. கட்டைகளை மாற்றி அகலத்தைச் செம்மையாக்காமல் புதிய எஞ்சினால் பயனில்லை என்பது தெளிவாயிற்று. எவர் கண்ணிலும் படாத பாதைவேலையே முதல் வேலை என்று தொண்டர்கள் உணர்ந்தனர்.

இரண்டாம் எஞ்சினின் வரலாறு வியப்பானது. அது 1921 இல் கெர் ஸ்டூவர்ட் தொழிற்சாலையில், ரோல்ட் பின்னாளில் இளைஞராய்த் தொழில் கற்ற அதே பட்டறையில், உருவானது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது அதன் வரைபடங்களையும் உரிமைகளையும் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் நிறுவனம் பெற்றிருந்தது. ஹன்ஸ்லெட்டின் தலைவர் தாலிலின் சங்கத்தின்மேல் அன்புடையவர். அவர் அவ்வெஞ்சினைத் தம் பட்டறைக்கு வரவழைத்து, முற்றும் செப்பனிட்டு, ஊதியம் பெறாமலே திருப்பியனுப்பினார். 1952 இல் அது ஓடத் தொடங்கிற்று; எட்வர்டு தாமஸின் பெயரையே அதற்குச் சூட்டினர். முன்னதற்கு ஹெய்டன் ஜோன்ஸின் பெயரைச் சூட்டினர். இளமையில் தம்மைத் தெருவில் விட்டுச் சென்ற ஒரு தொழிற்சாலையின் எஞ்சின், தாம் தளர்ந்திருந்த வேளையில் துணைக்கு வந்தது கண்டு ரோல்ட் என்ன எண்ணியிருப்பார்!

தொண்டு என்றால் விரும்பிய நேரத்தில் வந்து விரும்பியதைச் செய்வது என்று சிலர் கருதுவர். இருப்புப்பாதையில் அது செல்லாது. காலை வண்டி பத்து மணிக்குப் புறப்பட வேண்டுமானால், அதற்குச் சில மணி நேரம் முன்னரே ஒருவர் எழுந்து எஞ்சினின் அடுப்பிலுள்ள சாம்பலை வாரி, தீ மூட்ட வேண்டும். கொதிகலனில் நீர் போதிய அளவு உள்ளதா என்று பார்க்கவேண்டும். நீர் குறைந்தால் கொதிகலன் கெடுவதோடு உயிருக்கும் கேடு. உருளும் இடந்தோறும் எண்ணெய் இடவேண்டும். பாதையை நடந்து பார்த்தவர் நலம் என்று சொன்ன பின்னரே வண்டி நகரவேண்டும். ஒற்றைப் பாதையாதலால், எதிரே மற்றொரு வண்டி இல்லை என்பது உறுதியாக வேண்டும். ஆசிரியரும் எழுத்தரும் மருத்துவரும் பொறியாளருமாய் வந்த தொண்டர்கள், தத்தம் பதவியை மறந்து, தொழிலறிந்தவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தனர். ஊதியம் பெறும் பணியாளர் சிலர் பாதையில் இருந்தனர்; அவர்கள் இல்லாமல் தொண்டர்கள் ஒரு நாளும் சமாளித்திருக்க முடியாது. எஞ்சின் ஓட்டும் ஆசை எல்லோர்க்கும் உண்டு. மழையில் நின்று கட்டை மாற்றும் ஆசை சிலர்க்கே உண்டு. அந்தச் சிலராலேயே பாதை பிழைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வாண்டு ரோல்ட்டின் சொந்த வாழ்வில் இழப்பு மேல் இழப்பாய் வந்தது. நீர்வழிச் சங்கத்தில் அவருக்கும் தலைவர்க்கும் கருத்து வேறுபாடு முற்றியது. எல்லாக் கால்வாய்களையும் காக்க வேண்டும் என்றார் தலைவர். படகோட்டிகளின் வாழ்வுக்குப் பயன்படுவனவற்றை முதலிற் காப்போம் என்றார் ரோல்ட். தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்தே அவர் 1951 இல் நீக்கப்பட்டார். 12 ஆண்டுகள் வீடாயிருந்த கிரெஸ்ஸி படகு உளுத்துப் பயனற்றதாயிற்று. இல்லறத்திலும் பிரிவு நேர்ந்தது. ரோல்ட் வளைந்து கொடுக்காத இயல்பினர். பூசலில் அவர் பக்கத்துப் பிழையே இல்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய ஆண்டிலும் டவின் நிலையத்தில் வண்டி குறித்த நேரத்திற் புறப்பட்டது.

1951, 1952 ஆகிய இரு பருவங்களும் மேலாளராயிருந்தபின் அவர் அப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தார். அவ்விரண்டாண்டு வரலாற்றை 1953 இல் நூலாக எழுதினார். அவ்வாண்டிலேயே படைப்பிரிவைச் சேர்ந்த பொறியாளர்கள் பயிற்சியின் பொருட்டு வந்து, பாதையின் ஒரு பகுதியைப் புதுப்பித்துக் கொடுத்தனர். ஊரார் கூடித் தம் இருப்புப்பாதையை நடத்துவதாக ஒரு நகைச்சுவைத் திரைப்படமும் அவ்வாண்டில் வந்தது. அதன் கதையாசிரியர் தாலிலினை நேரிற் கண்டு சென்றவர். 1952 இல் கார்டாகத் தொண்டு செய்தவர்களுள் ஆட்ரி என்னும் சமயகுரு ஒருவரும் உண்டு. பேசும் எஞ்சின்களைப் பற்றிய குழந்தைக் கதைகளால் உலகப் புகழ் பெற்றவர் அவரே. தாலிலினில் கண்டவற்றையும் பின்னர்த் தம் கதைகளில் அமைத்தார்.

ரோல்ட் அதன்பின் முழுநேர எழுத்தாளராய் வாழ்ந்தார். 1955 இல் இருப்புப்பாதை விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்தத் தவறால் எந்த விபத்து நேர்ந்தது, அதன்பின் எந்த விதி பிறந்தது என்பதை அது விளக்குகிறது. விதி நூலிலுள்ள ஒவ்வொரு விதியும் யாரோ உயிர்கொடுத்து வாங்கியது என்பதை, மக்கிய பாதையின் மேல் மக்களை ஏற்றிச்சென்ற மேலாளரினும் நன்கு அறிந்தவர் யார்? 1957 இல் புரூணல், 1958 இல் டெல்போர்டு, 1960 இல் ஸ்டீவன்சன் தந்தையும் மகனும் எனப் பெரும் பொறியாளர்களின் வரலாறுகளை எழுதினார். புதுமையை வெறுத்தவர் என்று அவரைக் கருதுவது பிழை. தம் காலத்தில் புதுமையே செய்தவர்களைப் பற்றித்தான் அவர் எழுதினார். மறுமணம் செய்துகொண்டு, தந்தையார் வாழ்ந்த பழைய வீட்டிலேயே வாழ்ந்த அவர், 1974 மே 9 ஆம் நாள் காலமானார்.

அதற்குள் அவர் இட்ட வித்து முளைத்துப் படர்ந்திருந்தது. போரின்பின் கைவிடப்பட்ட ஃபெஸ்டினியோக் பாதையில் 1955 இல் தொண்டர்கள் மீண்டும் வண்டி விட்டனர். இங்கிலாந்தின் தென்பகுதியில் புளூபெல் பாதை 1960 இல் அவ்வாறே உயிர்பெற்றது. நம் நாட்டிலும் பழைய பாதைகள் சில காக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899 இல் குன்னூருக்கும் 1908 இல் உதகைக்கும் எட்டிய நீலகிரி மலைப்பாதை, 2005 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பற்சக்கரத்தால் மலையேறும் அவ்வண்டியை இந்திய இரயில்வே நடத்துகிறது. அரசின் ஊழியரே அதனைப் பேணுகின்றனர்.

தாலிலின் பாதையில் பழைய தாலிலின் எஞ்சின் செப்பனிடப்பட்டு 1958 இல் மீண்டும் ஓடிற்று. கற்பலகை ஏற்றும் வண்டிகள் மட்டுமே சென்ற மலையுச்சிப் பகுதிக்கும் மக்கள் செல்லும்படி பாதையைத் தொண்டர்கள் நீட்டினர்; ரோல்ட் மறைந்து இரண்டாண்டுக்குப்பின், 1976 மே 22 ஆம் நாள், நாண்ட் குவெர்னோல் நிலையம் திறக்கப்பட்டது. வடமேற்கு வேல்சின் கற்பலகை நிலப்பகுதி 2021 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, இச்சிறு பாதையும் அதில் இடம்பெற்றது.

பளு மிகுந்தபோது பாதைக்கு மற்றோர் எஞ்சின் தேவைப்பட்டது. அயர்லாந்தில், சதுப்பு நிலத்திலிருந்து எரிகரி வெட்டிச் சேர்க்கும் நிறுவனத்திற்காக 1949 இல் செய்யப்பட்டு, சில ஆண்டுகளே உழைத்து ஒதுக்கப்பட்ட ஓர் எஞ்சினைச் சங்கத்தார் வாங்கி வைத்திருந்தனர். அதனைப் பிரித்து, வேண்டிய உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, டவின் பட்டறையிலேயே ஒரு புதிய எஞ்சினாக ஆக்கினர். பல ஆண்டு உழைப்பின்பின் 1991 இல் அது தண்டவாளத்தில் ஏறியது. அப்பாதையின் 7 ஆம் எண் எஞ்சின் அது. அதன் பக்கவாட்டில் பித்தளைத் தகட்டிற் பொறித்துள்ள பெயர் டாம் ரோல்ட்.